தண்ணித்தொட்டி மேட்டிலிருந்து இறங்கும் முறை

மழை பெய்கிற நாளைவிட மழை விட்ட மறுநாள்தான் ட்ராக்டர்காரனுக்கு ஆபத்து. பெய்கிற நாளில் எவனும் வண்டியை மேட்டுக்கு ஏற்ற மாட்டான். மறுநாள் வெயில் அடிக்கும். செம்மண் மேலே காய்ந்து வெளுத்துப்போய், நல்ல பாதை மாதிரியே கிடக்கும். அந்தத் தோலுக்குக் கீழே எல்லாம் சவர்க்காரம் மாதிரி வழுக்கல். டயர் ஏறினால்தான் தெரியும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன் புவான். போலீஸ் வண்டியும் வண்டிதானே.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். நீங்களும் தமிழ்ப் பெண் என்பதால் எனக்குச் சுலபமாகப் போயிற்று. மலாய் மொழியில் வண்டியைப் பற்றிப் பேச எனக்கு வரும். மகனைப் பற்றிப் பேச வராது.

என் பெயர் தேவதாஸ். சுவா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ட்ராக்டர் ஓட்டி, முட்டி தேய்ந்த பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள். பாதி மலாயில் சொல்வேன், பாதி கையால் காட்டுவேன். என் பேச்சைக் கேட்டவன் எவனும் வண்டியைக் கவிழ்த்ததில்லை.

என் மகன் கெல்வினுக்கும் நான்தான் கற்றுக் கொடுத்தேன்.

எண்ணெய் ஆலைக்குப் பழம் ஏற்றி இறக்குகிற வேலையைத் தோட்ட நிர்வாகம் வெளியே கான்ட்ராக்ட் விட்டிருந்தது. எடுத்தவர் ஹேமநாதன். எங்களுக்கு எதிர் லயத்து வீட்டில் வளர்ந்தவர்தான். படித்து, கொஞ்ச காலம் டவுனில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ட்ராக்டர்களும் டிரெய்லர்களும் வாங்கிப் போட்டார். ராசா டவுனில் வீடு. மனைவி விமலா பள்ளி ஆசிரியை. கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் வீட்டுக்குக் கேக் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வருவார்கள். ஃபிளோரா, என் மனைவி, விமலாவுக்கு இடியப்ப மாவு அரைத்துக் கொடுத்து அனுப்புவாள். கெல்வினுக்கு வேலை கொடுத்ததும் அவர்தான்.

போன வருஷம் அப்படி ஒரு மழை விட்ட மறுநாள் காலையில், கெல்வின் தண்ணித்தொட்டி மேட்டிலிருந்து டிரெய்லர் நிறையப் பழக்குலை ஏற்றிக்கொண்டு இறங்கினான். பாதி இறக்கத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அந்த இடத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, ட்ராக்டரைப் பக்கவாட்டில் மடக்கி, கவிழ்த்துப் போட்டது. பழைய ட்ராக்டர். கவிழ்ந்தால் நசுங்காமல் காப்பாற்ற ஓட்டுகிறவன் தலைக்கு மேலே இரும்பு வளையம் கிடையாது. நான் போய்ச் சேர்ந்தபோது குலைகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். குலைகளை எடுத்தால்தான் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும்.

அந்த நேரத்தில் நான் ஒன்றைப் பார்த்தேன். மகன் அடியில் கிடக்கும்போது அதையா பார்த்தாய் என்று நீங்கள் கேட்கலாம். பழக்கம் புவான். கண் முதலில் வண்டிக்குத்தான் போகும். ட்ராக்டரிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்கு எண்ணெய் போகிற ஹோஸ் ஒன்று உண்டு. அது மாட்டப்படாமல் இருந்தது. சுருட்டி, ஊதா நிற பிளாஸ்டிக் ராஃபியா கயிற்றால் இழுவைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சுக்குள் பழைய மண் காய்ந்து இறுகியிருந்தது. அன்றைக்குக் கட்டிய கட்டு இல்லை அது. அந்த டிரெய்லர் எத்தனையோ நாளாகப் பிரேக் இல்லாமல்தான் அந்த மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறது.

விசாரணைக்கு ஆட்கள் மறுநாள் வந்தார்கள். அவர்கள் வந்தபோது ஹோஸ் இருந்தது. புதுசு. கறுப்பாக மினுமினுத்தது. கயிறு இல்லை. டிரெய்லர் பிரேக் நன்றாக இருக்கிறது என்று ஹேமநாதன் சொன்னார். கவிழ்ந்து கிடந்த ட்ராக்டரின் கியர் நியூட்ரலில் இருந்தது என்றும் சொன்னார். சில பேர் இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை அதன் பாட்டுக்கு உருள விடுவார்கள். டீசல் மிச்சம், நேரமும் மிச்சம். அப்படி விட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து வைக்காது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். கெல்வின் அப்படித்தான் வந்தான், ஓட்டியவரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதிவிட்டார்கள்.

கவிழ்கிற வண்டியில் கியர் தானாகக் கழன்று நடுவில் வந்து விழும். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பஞ்சாலை என்று ஓர் அம்மா, அந்த மேட்டடியில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். துக்க வீட்டுக்கு வந்தபோது ஃபிளோராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி வண்டி வந்த சத்தமே கேக்கல அக்கா. என்ஜின் இரைச்சலே இல்ல. டயரு உருள்ற சத்தம் மட்டுந்தான்" என்று சொல்லியிருக்கிறார். ஃபிளோரா என்னிடம் வந்து சொன்னாள். பஞ்சாலைக்குக் காது மந்தம் என்று நான் சொல்லிவிட்டேன். ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிள் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர் அந்த அம்மா. இருந்தாலும் காது மந்தம்தான். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசுவதில்லை.

ஹேமநாதனிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். கல்லறைத் திருப்பலி முடிந்து வெளியே வந்து நின்றிருந்தோம்.

"தம்பி, ஹோஸ் புதுசா இருந்திச்சே."

 அவர் என் தோளில் கை வைத்தார். "அண்ணே, முடிஞ்சு போனத விடுங்க. ஹோஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கியர்ல வந்திருந்தா அவன் இறங்கியிருப்பான்லா. பிரேக்கே இல்லாட்டியும் இறங்கியிருப்பான். நியூட்ரல்ல விட்டா யாரால அண்ணே புடிக்க முடியும்?"

அவ்வளவுதான் பேச்சு. வேறொருவனாக இருந்தால் அங்கேயே கை ஓங்கியிருப்பான். நான் ஓங்கவில்லை. அவர் ஒரு கருத்துச் சொல்லியிருக்கிறார். கியரில் வந்தால் பிரேக் இல்லாமலே இறங்கலாம் என்பது அவர் கருத்து. முடியாது என்பது என் கருத்து. இப்படி இரண்டு பேருக்கு இரண்டு கருத்து இருந்தால் வண்டியை எடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான். எங்கள் வேலையில் அதுதான் வழக்கம்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் இவ்வளவு நாள் காத்திருக்க மாட்டான்.

முதலில் அவர் அந்த மேட்டில் வண்டி ஓட்ட வேண்டும். முதலாளி எதற்கு ஓட்டுவார்? ஓட்ட ஆள் இல்லாவிட்டால் ஓட்டுவார். கவிழ்ந்த ட்ராக்டரைச் சரிபண்ணி மறுபடி வேலைக்கு விட்டிருந்தார்கள். நான் புதிதாகக் கற்க வருகிறவர்களிடம், ஒவ்வொருவராகத் தனியே இருக்கும்போது, சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வேன். "அந்த மேட்டுக்குப் போகச் சொன்னா, முதலாளிய மொதல்ல இறங்கிக் காட்டச் சொல்லு." அவ்வளவுதான் சொல்வேன். என் மகன் செத்த இடத்தைப் பற்றி நான் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். சில மாதத்தில் அந்த மேட்டுக்குப் போக ஒருவனும் இல்லாமல் போனான். மேலே குலை பழுத்து உதிர ஆரம்பித்தது. உதிர்ந்தது அழுகியது. மானேஜர் ஹேமநாதனைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்றால் வேறு கான்ட்ராக்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹேமநாதன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஃபிளோரா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

"நானே ஓட்டிக் காட்டணுமாம் அண்ணே. இல்லாட்டி ஒருத்தனும் ஏற மாட்டேங்கறான். சின்ன வயசுல ட்ராக்டர் ஓட்டியிருக்கேன், ஆனா தரையிலதான். மேடு பழக்கமில்ல." கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "உங்ககிட்ட கேக்கறதுக்கே சங்கடமா இருக்கு. கெல்வின் வீட்டுக்கே வந்து இதக் கேக்கறேன்."

"கேளுங்க தம்பி. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

ஃபிளோரா என்னைப் பார்த்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் வெகு நாளாக நான் அப்படி இருந்ததில்லை.

இப்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அவருக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை புவான். தப்பாகச் சொல்லிக் கொடுத்து அவர் செத்தால், அதனால் என்ன தெரியவரும்? ஒன்றும் தெரியாது. சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற ஓட்டுநர் ஒருவர் பிரேக் இல்லாத டிரெய்லரோடு அந்த இறக்கத்தில் இறங்க வேண்டும். அப்போதும் கவிழ்ந்தால், தப்பு ஓட்டுகிறவன் மேல் இல்லை என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். நான் வாழ்க்கையில் ஒருவருக்கும் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பது காலால் செய்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது மேட்டின் உச்சியிலேயே முடிந்துவிட வேண்டிய வேலை. நின்று, இறங்கப்போகிற பாதையைப் பார்த்து, சின்ன கியரைப் போட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மூக்கைக் கீழே விட வேண்டும்.

"பாதியில வேகமாயிட்டா கியர எறக்கிக்கலாமா அண்ணே?" என்று கேட்டார்.

"முடியாது. கியர் மாத்த க்ளட்ச்ச மிதிப்பீங்க. மிதிச்ச நிமிஷம் வண்டி உங்க கையில இல்ல. டிரெய்லர் கைக்குப் போயிரும். மேலயே முடிவு பண்ணணும்."

ட்ராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று. வயலில் திரும்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பாரம் இழுக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட வேண்டும். மறந்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி தானாகவே குறுக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு தடவையும் ஏறி உட்கார்ந்ததும் குனிந்து அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்க்கப் பழக்கினேன். பிறகு பிரேக். "அமுக்குங்க, விடுங்க. அமுக்குங்க, விடுங்க. மிதிச்சே வச்சிருந்தா சூடேறி, பாதி இறக்கத்துல பிரேக்குனு ஒண்ணு இருக்காது." காலைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

கடைசியாகச் சொல்லிக் கொடுத்ததுதான் முக்கியம். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்து, அதன் வால் ஒரு பக்கமாக ஒதுங்கினால், மனிதனுக்குக் கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகும். அங்கேதான் சாவு. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்த வேண்டும். ட்ராக்டர் முன்னால் இழுத்தால் டிரெய்லர் பின்னால் நேராக வரும். பயத்துக்கு நேர் எதிராகக் காலை வைக்க வேண்டும். அது லேசில் வராது. கெல்வினுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அவசரக்காரன். அந்த வயசில் எல்லோரும் அப்படித்தான்.

ஹேமநாதனுக்கு உடனே வந்தது. வெறும் டிரெய்லரோடு, பிறகு பாதிப் பாரத்தோடு, சின்னச் சின்ன இறக்கமாகப் பழக்கினேன். கற்றுக்கொள்கிற ஆசை இருந்தது. நான் சொன்னதை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். சாப்பாட்டு நேரத்தில் விமலா கொடுத்தனுப்பிய நாசி லெமா தேங்காய்ப்பால் சோற்றில் பாதியைப் பிரித்து எனக்கு வைப்பார். நானும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

பிறகு மழைக்குக் காத்திருந்தேன். இரண்டு நாள் விடாமல் பெய்து, விட்டது. மறுநாள் காலையில் நல்ல வெயில். இன்றைக்கு இறங்கலாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

கொட்டகைக்கு நான் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். ஹோஸைக் கழற்றினேன். சுருட்டினேன். ஊதா ராஃபியா கயிறு சுவாவில் ஒரு கடையில்தான் கிடைத்தது. அதே மாதிரி கட்டினேன். இதில் எனக்கு ஒரு தயக்கமும் வரவில்லை. அவர் கெல்வினுக்கு எப்படிக் கொடுத்தாரோ அப்படியே அவருக்குக் கொடுத்தேன். அதைவிட நியாயமாக ஒருவனால் நடந்துகொள்ள முடியுமா?

அவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நெற்றியில் திருநீறு. "பிரேக்கெல்லாம் பாத்துட்டீங்களாண்ணே?"

"பாத்துட்டேன் தம்பி."

பொய் இல்லை. பார்த்திருந்தேன்.

மேலே பாரம் ஏற்றும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். பக்கப் பலகைக்கு மேலே குலைகளை அடுக்கச் சொன்னேன். அவருக்கு முகம் மாறியது. "ரொம்ப ஏத்தறாங்களோ?"

"நீங்க எப்பவும் ஏத்தச் சொல்ற அளவுதான்," என்றேன். அவர் ட்ராக்டரில் ஏறி உட்கார்ந்தார்.

நான் முன்னால் நடந்து வந்து வளைவில் நின்றுகொண்டேன். கையைக் காட்டினேன். அவர் குனிந்து கொக்கியைத் தொட்டுப் பார்த்தது தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. சின்ன கியரைப் போட்டார். என்ஜின் உறுமிக்கொண்டே மூக்கு கீழே வந்தது.

பாதித் தூரம் ஒழுங்காக வந்தார். பிறகு மேல் மண் பிய்ந்தது. டிரெய்லர் தள்ள ஆரம்பித்தது. அவர் பிரேக்கை ஒரு தடவை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். பின்னால் ஒன்றும் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. டிரெய்லரின் வால் பள்ளத்துப் பக்கமாக மெதுவாக ஒதுங்கியது. கெல்வினுக்கு நடந்ததும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். கண்ணை எடுக்கவில்லை.

அவர் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

என்ஜின் சத்தம் ஏறியது. கொஞ்சம்தான். ஒரு குழந்தையைத் தட்டி எழுப்புகிற மாதிரி, அவ்வளவு மெல்ல அழுத்தினார். ட்ராக்டர் முன்னால் இழுத்தது. டிரெய்லர் நேராகிப் பின்னாலேயே வந்தது. வளைவில் என்னைத் தாண்டிப் போகும்போது ஆள் நடக்கிற வேகம்தான். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்க்காமல் பாதையையே பார்த்துக்கொண்டு போனார். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். என் காலைக் குனிந்து பார்த்தேன். வெறுந்தரையில் நின்றுகொண்டு நானும் அவரோடு அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேட்டடியில் ஒரு கேட் இருக்கிறது. பழத் திருடர்களுக்காகப் போட்டது. சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். அந்த இடத்திலும் தரை கொஞ்சம் சரிவுதான். அவர் கேட்டுக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து இறங்கினார். ஒன்றையும் விடவில்லை. நான் நடந்து வந்து சேர்ந்தபோது இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, வந்து கட்டிக்கொண்டார்.

"அண்ணே, டிரெய்லர் பிரேக் பிடிக்கவே இல்லண்ணே. செத்தேன்னு நெனச்சேன். நீங்க சொன்னதுதான் காதுல கேட்டுச்சு. தொடாத, இழுன்னு. உங்களாலதாண்ணே உயிரோட நிக்கறேன்." அழுதுவிட்டார். நடுக்கத்தில் வருகிற அழுகைதான் அது. அழுதுகொண்டே சாவியை எடுத்து கேட் பக்கம் திரும்பினார். போகிற போக்கில், யோசனையாக, "கெல்வினுக்கும் இதச் சொல்லிக் குடுத்திருப்பீங்களேண்ணே" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மனசில் வந்ததைச் சொன்னார். அவ்வளவுதான்.

அவர் கேட்டுக்கு முன்னால் குனிந்து சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பூட்டு துருப்பிடித்திருந்தது, நேரம் எடுத்தது. நான் ட்ராக்டரில் ஏறினேன். முட்டி வலியினால் மெதுவாகத்தான் ஏற முடிந்தது. ஹேண்ட்பிரேக்கை விட்டேன். க்ளட்ச்சை மிதித்து, கியரை எடுத்து நடுவில் விட்டேன். முதலில் வண்டி அசையவில்லை. பிறகு பின்னால் இருக்கிற பாரம் கொஞ்சம் யோசித்துப் பார்த்த மாதிரி ஓர் அசைவு வந்தது. நான் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கோணியிருந்தாலும் அவர் ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைத்திருக்கும்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே" என்றார். பிறகு வண்டி கேட்டில் போய் நின்றது.

பஞ்சாலைதான் முதலில் ஓடி வந்தார். அதற்குள் நான் இறங்கிப் பாதையில் கொஞ்ச தூரம் மேலே போய், அப்போதுதான் நடந்து வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த அம்மா என்னிடம் பேசினார். "இந்த வாட்டியும் என்ஜின் சத்தமே கேக்கலண்ணே" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்குப் போனேன். ஃபிளோரா வாசலிலேயே நின்றிருந்தாள். காலையிலிருந்து ஜெபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை போலிருக்கிறது.

"இறங்கிட்டாரா?"

"இறங்கிட்டாரு. நல்லாவே இறங்கினாரு."

"ஆண்டவருக்கு நன்றி," என்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவள் அந்தச் சத்தம் வந்த திசையைப் பார்த்தாள். பிறகு என் தட்டைப் பார்த்தாள்.  அன்று சாயங்காலமே ராசாவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். துணியை மடித்து வைக்கும்போது கெல்வின் படத்தையும் எடுத்து வைத்தாள். அது மட்டும் எனக்குப் புரியவில்லை. இவ்வளவும் அவனுக்காகச் செய்தவன் நான். படம் என்னிடம்தானே இருக்க வேண்டும்?

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் படவில்லை. நானே வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டீர்கள்.

போன வாரம் விமலாவைத் துக்கம் கேட்கப் போனேன். அறிக்கை வந்துவிட்டது என்றார். வண்டியைச் சரிவில் நியூட்ரலில் விட்டு இறங்கியிருக்கிறார், ஹேண்ட்பிரேக் போடவில்லை, டிரெய்லர் பிரேக் மாட்டியிருக்கிறதா என்றும் சரிபார்க்கவில்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்களாம். "அவரு அப்படி அஜாக்கிரதையான ஆளே இல்லையேண்ணே," என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "வீட்டுக் கதவையே மூணு தடவ இழுத்துப் பாப்பாரு."

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவரைக் கொன்றதற்காக இல்லை. அதை நான் யோசித்துத்தான் செய்தேன். ஆனால் அவர் நான் பார்த்ததிலேயே நல்ல மாணவர். ஒரு தப்பும் செய்யாத மனிதர் மேல், பேச வாயில்லாமல் போன பிறகு, கவனக்குறைவு என்று எழுதி வைத்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அதைத் திருத்தி எழுதுங்கள். ஹேமநாதன் வண்டியைக் கியரில்தான் நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்திருந்தார். ஹோஸைக் கழற்றியது நான், ஹேண்ட்பிரேக்கை விட்டது நான், அவர் மேல் வண்டியை ஓட விட்டதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். தூக்குக் கொடுத்தாலும் சரி.

ஆனால் ஒன்று புவான். நியூட்ரலில் இருந்தது, அதனால் ஓட்டினவன் தப்பு என்று எழுதுகிற அறிக்கை பொய்யாகவும் இருக்கலாம் என்று இப்போது உங்களுக்கே தெரிந்துவிட்டது. ஹேமநாதன் வண்டியின் கியரை எடுத்தது யார் என்று நான் வந்து சொல்லிவிட்டேன். கெல்வின் வண்டியின் கியரை எடுத்தது யார் என்று இனிமேலாவது விசாரியுங்கள்.